நாடி பார்க்கவில்லை, முகம் பார்த்தார்கள்!

வீட்டில் யாருக்காவது உடம்பு சரியில்லை என்றால் ஆஸ்பத்திரிக்குப் போகிறோம். சீட்டு வாங்கிக் கொண்டு பெஞ்சியில் உட்காருகிறோம். ஒரு மணி நேரம் ஆகிறது. இரண்டு மணி நேரம் ஆகிறது. "இன்னும் எத்தனை நாழிதான் உட்கார வைப்பார்களோ!" என்று பக்கத்தில் இருப்பவரிடம் அலுத்துக் கொள்கிறோம். அந்த அலுப்புக்குள்ளும் ஒரு நம்பிக்கை இருப்பதைக் கவனித்திருக்கிறீர்களா? நம்முடைய முறை வரும், டாக்டர் கையைப் பிடித்து நாடி பார்ப்பார், "என்னம்மா செய்கிறது?" என்று கேட்பார் என்கிற நம்பிக்கை. அது மட்டும் இல்லாவிட்டால் ஆஸ்பத்திரிப் படியை யார் மிதிப்பார்கள்?

அப்படித் தம்முடைய முறை வராமலே போய்விட்ட ஒருவரைப் பற்றி முதலில் சொல்கிறேன். இது கற்பனை இல்லை. நீதிபதி ஒருவர் சாட்சிகளை விசாரித்து எழுதி வைத்திருக்கும் விஷயம்.

34 மணி நேரம்

கனடா தேசத்தின் நடுவே மானிட்டோபா என்று ஒரு மாகாணம். அதன் தலைநகர் வின்னிபெக். 2008-ஆம் வருஷம் செப்டம்பர் 19-ந் தேதி, வெள்ளிக்கிழமை பிற்பகல், பிரையன் சின்க்ளேர் என்பவர் அந்நகரத்துப் பெரிய ஆஸ்பத்திரியின் அவசர சிகிச்சைப் பகுதிக்கு வந்து சேர்ந்தார். வயது 45. அந்த மண்ணின் பூர்வகுடிகளான அனிஷினாபே மக்களைச் சேர்ந்தவர். இரண்டு கால்களும் இல்லாதவர். சக்கர நாற்காலியில்தான் நடமாட்டம். சிறுநீர் இறங்குவதற்காக வைத்திருந்த குழாய் அடைத்துக் கொண்டுவிட்டது. அவரை முதலில் பார்த்த ஒரு சிறிய வைத்தியசாலை டாக்டர், கையில் கடிதம் கொடுத்துப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பியிருந்தார்.

வந்தவர் வரவேற்பு மேஜைக்குப் போனார். அங்கிருந்த சிப்பந்தியிடம் பேசினார். அவரும் ஏதோ குறித்துக் கொண்டார். சின்க்ளேர் நாற்காலியை உருட்டிக் கொண்டு போய்க் காத்திருக்கும் இடத்தில் நின்றார். அவ்வளவுதான். நோயாளிகளின் பட்டியலில் அவர் பெயர் ஏறவே இல்லை.

மணி ஓடிற்று. அவருக்கு வாந்தி வந்தது. தலை மார்பின் மேல் சாய்ந்தது. நர்சுகள் அவரைக் கடந்து போனார்கள்; காவலாளிகள் கடந்து போனார்கள். வேறு காரியமாக வந்திருந்த ஜனங்களுக்கே மனம் கேட்காமல், "அந்த மனிதரைக் கொஞ்சம் பாருங்களேன்" என்று போய்ச் சொன்னார்கள். யாரும் பார்க்கவில்லை. ஓர் இரவு போய், ஒரு முழுப் பகலும் போய், இரண்டாவது நள்ளிரவு கடந்த பிறகு ஒருவர் கிட்டே போய்த் தொட்டுப் பார்த்தார். உடம்பு விறைத்துப் போயிருந்தது. வந்து சேர்ந்து 34 மணி நேரம் ஆகியிருந்தது.

அவரைக் கொன்ற நோய் என்ன தெரியுமா? சிறுநீர்ப்பையில் கிளம்பிய தொற்று. குழாயை மாற்றி, ஆன்டிபயாட்டிக் மருந்து கொடுத்திருந்தால் பிழைத்திருப்பார்.

பின்னால் நடந்த விசாரணையில் ஆஸ்பத்திரிச் சிப்பந்திகள் காரணம் சொன்னார்கள். "குடித்துவிட்டு மயங்கிக் கிடக்கிறார் என்று நினைத்தோம்" என்றார்கள் சிலர். "வீடு வாசல் இல்லாதவர், குளிருக்கு ஒதுங்கியிருக்கிறார் என்று எண்ணினோம்" என்றார்கள் வேறு சிலர். அவரைச் சாய்த்திருந்தது நோய். ஆனால் பூர்வகுடி மனிதர் ஒருவர் தலை சாய்ந்து உட்கார்ந்திருந்தால் அது குடியாகத்தான் இருக்கும் என்று அங்கே கேள்வி கேட்காமலே முடிவு கட்டியாகிவிட்டது. நாடி பார்க்க வேண்டிய இடத்தில் முகம் பார்த்தார்கள். அந்த முகத்தில் தங்கள் எண்ணத்தையே எழுதிப் படித்துக் கொண்டார்கள்.

2014 டிசம்பரில் விசாரணை அறிக்கை வெளிவந்தது. 63 யோசனைகள் அதில் இருந்தன. பதிவு செய்யும் முறையை மாற்ற வேண்டும், காத்திருப்பவர்களை இன்ன விதமாகக் கவனிக்க வேண்டும் என்றெல்லாம் சொல்லியிருந்தது. ஆனால் சின்க்ளேரின் குடும்பத்தார் அதற்குள்ளாகவே விசாரணையிலிருந்து விலகிப் போயிருந்தார்கள். "எங்கள் பிள்ளையைப் பார்த்தவுடன் குடிகாரன் என்று ஏன் தோன்றிற்று? அதை விசாரிக்காமல் மேஜை நாற்காலியை விசாரித்து என்ன பயன்?" என்பதே அவர்களுடைய ஆற்றாமை.

பயம் எங்கிருந்து வந்தது?

கனடாவில் பூர்வகுடிகள் மூன்று பிரிவினர். முதற்குடிகள் என்று சொல்லப்படும் பல இனத்தார். வடதுருவப் பனிப் பிரதேசத்து இனுயிட் மக்கள். மெட்டி என்னும் கலப்பு மரபினர். 2021-ஆம் வருஷத்துக் குடிக்கணக்குப்படி எல்லாரும் சேர்ந்து சுமார் 18 லட்சம் பேர். தேசத்து ஜனத்தொகையில் நூற்றுக்கு ஐந்து பேர்.

"ஆஸ்பத்திரி என்றால் இவர்களுக்கு ஏன் இவ்வளவு கிலி? நோய் முற்றும் வரையில் வீட்டிலேயே கிடந்துவிட்டு ஏன் கடைசி நேரத்தில் வருகிறார்கள்?" என்று கேட்பவர்கள் அங்கே உண்டு. அதற்குப் பதில் அவர்களுடைய தாய்மார்களிடமும் பாட்டிமார்களிடமும் இருக்கிறது.

1950-ஆம் வருஷங்களை நினைத்துக் கொள்ளுங்கள். சர்க்கார் கப்பல் ஒன்று வட கடலில் ஊர் ஊராகப் போகும். இனுயிட் ஜனங்களை மேலே ஏற்றி எக்ஸ்ரே எடுப்பார்கள். க்ஷயரோகம் என்று தெரிந்தால், அந்த ஆளைக் கரையிறங்க விடமாட்டார்கள். இடுப்பில் குழந்தையோடு வந்த தாயாக இருந்தாலும் சரி, வீட்டாரிடம் போய்ச் சொல்லிக் கொள்ளவும் அவகாசம் கிடையாது. கப்பல் அப்படியே தெற்கே போய்விடும். 1956-ஆம் வருஷத்தில் இனுயிட் மக்களில் ஏழில் ஒரு பங்கு, ஆயிரக்கணக்கான மைல்களுக்கு அப்பால் இருந்த க்ஷயரோக ஆஸ்பத்திரிகளில் இருந்தார்கள் என்கிறது கணக்கு. பாஷை தெரியாத ஊரில் வருஷக்கணக்கில் கிடந்தவர்கள் பலர். இறந்தவர்களை எங்கே அடக்கம் செய்தார்கள் என்ற செய்திகூடச் சில குடும்பங்களுக்குப் போய்ச் சேரவில்லை. 2019-ஆம் வருஷம் கனடாவின் பிரதம மந்திரி இதற்காக மன்னிப்புக் கேட்டார்.

இன்னொன்றும் கேளுங்கள். பூர்வகுடிக் குழந்தைகளைப் பெற்றோரிடமிருந்து பிரித்து, தங்கிப் படிக்கும் பள்ளிகளில் அடைத்து வைத்திருந்த காலம் ஒன்று இருந்தது. சுமார் ஒன்றரை லட்சம் குழந்தைகள் அவற்றில் வளர்ந்தார்கள். கடைசிப் பள்ளி மூடப்பட்டது 1990-களில்தான். 1948 முதல் 1952 வரையில் அவற்றில் ஆறு பள்ளிகளில் சத்துணவு ஆராய்ச்சி என்ற பெயரில் ஒரு காரியம் நடந்தது. குழந்தைகள் பசியோடு இருக்கிறார்கள் என்பது ஆராய்ச்சிக்காரர்களுக்குத் தெரியும். தெரிந்தும், ஒரு பள்ளியில் வளரும் குழந்தைக்கு வேண்டிய பாலில் பாதிக்கும் குறைவாகவே கொடுத்து, இரண்டு வருஷம் அப்படியே வைத்திருந்தார்கள். பிறகு பாலைக் கூட்டினால் என்ன வித்தியாசம் தெரிகிறது என்று பார்ப்பதற்காக! பல்லும் ஈறும் கெடுவதைக் கணக்கிட வேண்டும் என்பதால் பல் வைத்தியத்தையும் சில பள்ளிகளில் நிறுத்தி வைத்தார்கள். பெற்ற தாயைக் கேட்டார்களா? கேட்கவில்லை. சரித்திர ஆசிரியர் இயன் மோஸ்பி பழைய சர்க்கார் தஸ்தாவேஜுகளிலிருந்து எடுத்து 2013-இல் வெளியிட்ட பிறகுதான் இந்த விஷயம் ஊரறியத் தெரிந்தது.

பசித்த குழந்தைக்குச் சோறு போடாமல் தராசில் நிறுத்துப் பார்த்தவர்களிடம், அந்தக் குழந்தை வளர்ந்து பாட்டியான பிறகு நம்பிக்கை எங்கிருந்து வரும்?

ஏழு குழந்தைகளின் தாய்

"அதெல்லாம் பழங்கதை" என்று சொல்லிவிட முடியாமல் 2020-இல் ஒரு சம்பவம் நடந்தது.

கியூபெக் மாகாணத்தில் மனவான் என்ற ஊரைச் சேர்ந்தவர் ஜாய்ஸ் எச்சாக்வான். அத்திக்கமெக் என்னும் பூர்வகுடிப் பெண்மணி. வயது 37, ஏழு குழந்தைகளின் தாயார். இருதயக் கோளாறு உள்ளவர். வயிற்று வலி தாங்காமல் ஜோலியெட் என்ற ஊரின் ஆஸ்பத்திரியில் சேர்ந்தார். செப்டம்பர் 28-ந் தேதி, படுக்கையில் வலியால் துடித்துக் கொண்டே கைபேசியை எடுத்து, அங்கே நடப்பதை ஃபேஸ்புக் வழியாக வெளியுலகம் பார்க்கும்படி செய்துவிட்டார். பார்த்தவர்கள் காதில் விழுந்தது என்ன? அவரைப் பார்த்துக் கொள்ள வேண்டிய பெண்களே அவரை ஏசிக் கொண்டிருந்தார்கள். முட்டாள் என்றார்கள், செத்துப் போனால் தேவலை என்ற பாவனையில் பேசினார்கள், உன் குழந்தைகள் உன்னை இந்த நிலையில் பார்த்தால் என்ன நினைப்பார்கள் என்று குத்திக் காட்டினார்கள். அன்றைக்கே அவர் உயிர் பிரிந்தது.

மரண விசாரணை அதிகாரி கெஹான் கமெல் என்ற பெண்மணி அடுத்த வருஷம் தம் அறிக்கையை வெளியிட்டார். நுரையீரலில் நீர் கோத்துக் கொண்டதுதான் மரணத்துக்குக் காரணம். ஜாய்ஸ் போதை மருந்துக்கு அடிமையானவர், அது கிடைக்காததால்தான் இந்த ஆர்ப்பாட்டம் என்று ஆஸ்பத்திரியில் ஆரம்பத்திலேயே ஒரு முடிவுக்கு வந்திருந்தார்கள். அதற்கு ஆதாரம் எதுவும் இல்லை. அந்த முடிவினால், படுக்கையோடு கட்டி வைக்கப்பட்ட நோயாளியைச் சரிவரக் கண்காணிக்கவும் இல்லை. அவருடைய சாவில் இனத்துவேஷத்துக்கும் தவறான அபிப்பிராயங்களுக்கும் பங்கு உண்டு என்று கமெல் அந்த அறிக்கையில் எழுதினார். வெள்ளைக்காரப் பெண்ணாக இருந்திருந்தால் பிழைத்திருப்பாரா என்ற கேள்விக்கு, பிழைத்திருப்பார் என்றே நினைப்பதாகப் பத்திரிகைக்காரர்கள் முன்னிலையில் சொன்னார்.

வின்னிபெக் குடும்பத்தார் கேட்டுக் கிடைக்காத வார்த்தை, 13 வருஷங்களுக்குப் பிறகு, இன்னொரு சாவின் மேல் எழுதப்பட்டது.

இப்படிப்பட்ட ஏச்சு ஒரு நோயாளியோடு நிற்பதில்லை, பாருங்கள். "அங்கே போனால் மரியாதை கெடும்" என்ற செய்தி ஊர் முழுவதும் பரவுகிறது. கர்ப்பிணி பரிசோதனைக்குப் போகத் தயங்குகிறாள். சர்க்கரை வியாதிக்காரர் காலில் புண் வந்தும் மறைத்து வைக்கிறார். நோய் முற்றிய பிறகு தூக்கிக் கொண்டு போகிறார்கள். "பார்த்தீர்களா, இவர்கள் எப்போதும் இப்படித்தான்" என்று அங்கே பழைய அபிப்பிராயம் இன்னும் உறுதியாகிறது. 2020-இல் பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணத்தில் நடந்த ஒரு பரிசீலனையில், பதில் சொன்ன பூர்வகுடி மக்களில் 100-க்கு 84 பேர் வைத்திய இடங்களில் ஏதாவது ஒரு விதமான பாரபட்சத்தை அனுபவித்ததாகச் சொன்னார்கள்.

ரத்தம் யாருடையது?

சரி, இதற்கு மருந்து என்ன? "ஆராய்ச்சி செய்து பார்க்க வேண்டியதுதான்" என்று படித்தவர்கள் சொல்வார்கள். அந்த ஆராய்ச்சியே ஒரு காலத்தில் எப்படி இருந்தது என்பதற்கு இன்னோர் உதாரணம் சொல்கிறேன்.

பசிபிக் கடலோரம் வான்கூவர் தீவில் நூ-சா-நுல்த் என்ற இனத்தார் இருக்கிறார்கள். மூட்டு வாதம் அவர்களிடையே அதிகம். 1980-களில் ஒரு பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர் அங்கே வந்து, வாத நோய்க்குக் காரணம் கண்டுபிடிக்கப் போவதாகச் சொல்லி 883 பேரிடம் ரத்தம் எடுத்தார். தங்கள் பிள்ளைகளுக்காவது விமோசனம் பிறக்கட்டும் என்று அவர்களும் கையை நீட்டினார்கள். காரணம் கிடைக்கவில்லை. ஆனால் ரத்தம் மட்டும் அவரோடு அமெரிக்காவுக்குப் போயிற்று. பிறகு இங்கிலாந்துக்குப் போயிற்று. கொடுத்தவர்களைக் கேட்காமலே, பழங்காலத்தில் மனிதர்கள் எங்கிருந்து எங்கே குடிபெயர்ந்தார்கள் என்பது போன்ற வேறு ஆராய்ச்சிகளுக்கு அது பயன்பட்டது. விஷயம் தெரிந்து மக்கள் போராடிய பிறகு, 2004-இல்தான் அவர்கள் ரத்தம் ஊருக்குத் திரும்பி வந்தது.

நீங்கள் பக்கத்து வீட்டுக்குக் கடனாகக் கொடுத்த பாத்திரத்தை அவர்கள் உங்களைக் கேட்காமல் ஊர் ஊராக இரவல் கொடுத்தால் சும்மா இருப்பீர்களா? இது உடம்பில் ஓடிய ரத்தம்!

ஊரே நடத்திய வைத்தியம்

இதற்கு நேர் மாறாக நடந்த ஒரு காரியத்தையும் சொல்லத்தான் வேண்டும். மான்ட்ரியல் நகருக்கு எதிர்க்கரையில், செயின்ட் லாரன்ஸ் நதியோரம் கானவாகே என்று மொஹாக் இன மக்களின் ஊர் இருக்கிறது. அந்த ஊர் ஆஸ்பத்திரியில் இரண்டு டாக்டர்கள் இருந்தார்கள். ஒருவர் அதே ஊர்க்காரரான லூயி மாண்டூர். மற்றொருவர் ஆன் மெக்காலே என்ற பெண்மணி. 1985-இல் அவர்கள் கணக்கெடுத்துப் பார்த்ததில், 45 முதல் 64 வயது வரையில் உள்ளவர்களில் 100-க்கு 12 பேருக்குச் சர்க்கரை வியாதி இருந்தது. மற்ற ஜனங்களிடையே இருந்ததைப் போல இரண்டு மடங்கு!

டாக்டர்கள் இதை எங்கோ ஒரு பத்திரிகையில் அச்சிட்டுவிட்டு இருந்துவிடவில்லை. ஊராரைக் கூட்டி உட்கார வைத்து, இருப்பதை இருந்தபடி சொன்னார்கள். கேட்ட பெரியவர்கள் என்ன சொன்னார்கள் தெரியுமா? "எங்கள் காலம் போகட்டும், குழந்தைகளுக்கு இது வராமலிருக்க வழி செய்யுங்கள்" என்றார்கள். அதிலிருந்து பிறந்ததுதான் 1994-இல் ஆரம்பமான கானவாகே பள்ளிக்கூட நீரிழிவுத் தடுப்புத் திட்டம். ஊர் மக்களே ஆலோசனைக் குழுவில் உட்கார்ந்தார்கள். எதைச் சாப்பிட வேண்டும், உடம்பை எப்படி வைத்துக் கொள்ள வேண்டும் என்பது ஆரம்பப் பள்ளியில் பாடமாயிற்று. கண்ட கண்ட தின்பண்டங்கள் பள்ளிக்கூடத்துக்குள் வராதபடி விதி செய்தார்கள்.

எல்லாவற்றையும்விட எனக்குப் பிடித்தது, ஆராய்ச்சிக்கு அவர்கள் எழுதி வைத்துக் கொண்ட ஒழுங்குமுறை. முடிவுகள் வெளியுலகுக்குப் போவதற்கு முன் ஊருக்குச் சொல்லியாக வேண்டும். பல்கலைக்கழகத்தார் ஒரு விதமாகப் பொருள் சொல்லி, ஊரார் அதை ஒப்புக் கொள்ளாவிட்டால், ஊராரின் அபிப்பிராயமும் சேர்ந்தே அச்சாக வேண்டும். ஆராய்ச்சிக்கு ஆட்பட்டவர்கள் ஆராய்ச்சியின் எஜமானர்களாகவும் ஆனார்கள்.

1998-இல் கனடாவின் முதற்குடிகள் தேசம் முழுவதற்கும் பொதுவாகவே இப்படி ஒரு நெறியை வகுத்துக் கொண்டார்கள். தங்களைப் பற்றிய விவரங்கள் தங்களுக்கே சொந்தம். அவற்றின் மேல் அதிகாரம் தங்களுக்கே. வேண்டும்போது எடுத்துப் பார்க்கத் தங்களால் முடிய வேண்டும். அவை தங்கள் வசமே இருக்க வேண்டும் என்பவையே அந்த நான்கு கொள்கைகள். அங்கே போய் ஆராய்ச்சி செய்ய விரும்புகிறவர்கள் இன்று இந்த நான்கையும் கற்றுக் கொண்டுதான் போக வேண்டியிருக்கிறது.

ஒரு நர்ஸின் கேள்வி

ஆஸ்பத்திரிக்குள் மாற்றம் வர வழிகாட்டியது, வெகு தூரத்திலுள்ள நியூஜிலாந்து தேசத்து நர்ஸ் ஒருவர். இரிஹாபெட்டி ராம்ஸ்டென் என்பது பெயர். அந்நாட்டின் பூர்வகுடிகளான மாவோரி மக்களைச் சேர்ந்தவர். 1980-களின் கடைசியில், நர்சுப் பயிற்சி பெறும் மாவோரிப் பெண்களின் கூட்டம் ஒன்று நடந்தது. அதில் ஒரு மாணவி, சட்டத்தின்படி பாதுகாப்பு, சிகிச்சையில் பாதுகாப்பு என்றெல்லாம் பேசுகிறீர்களே, எங்கள் பண்பாட்டுக்குப் பாதுகாப்பு எங்கே என்று கேட்டாளாம். ராம்ஸ்டென் அந்தக் கேள்வியை விடாமல் பிடித்துக் கொண்டார். "பண்பாட்டுப் பாதுகாப்பு" என்ற கொள்கையை அதிலிருந்து உருவாக்கினார். 1992-இல் நியூஜிலாந்தின் நர்சுகள் கவுன்சில் அதைப் பாடத் திட்டத்திலேயே சேர்த்துவிட்டது.

அந்தக் கொள்கையின் சாரம் சுலபமானது. மாவோரிகளின் பழக்க வழக்கங்களை நர்ஸ் மனப்பாடம் செய்தால் போதாது. முதலில் தன் மனத்துக்குள் என்னென்ன முடிவுகள் உட்கார்ந்திருக்கின்றன என்று அவளே பார்த்துக் கொள்ள வேண்டும். பிறகு, சிகிச்சை நல்லவிதமாக நடந்ததா என்று சொல்கிற அதிகாரத்தை நோயாளியிடம் விட்டுவிட வேண்டும். சமைத்தவள் "உப்பு சரியாக இருக்கிறது" என்றால் ஆயிற்றா? சாப்பிட்டவர் அல்லவா சொல்ல வேண்டும்!

இந்தக் கொள்கை கனடாவுக்கும் வந்து சேர்ந்தது. தங்கிப் படிக்கும் பள்ளிகளின் கொடுமைகளை விசாரித்த உண்மை, நல்லிணக்கக் கமிஷன், 2015-இல் 94 கோரிக்கைகளை வெளியிட்டது. மருத்துவக் கல்லூரியிலும் நர்சுக் கல்லூரியிலும் படிக்கிற ஒவ்வொருவரும் பூர்வகுடிகளின் உடல்நலத்தையும் சரித்திரத்தையும் பாடமாகப் படித்தே ஆக வேண்டும் என்பது அவற்றில் ஒன்று. ஜாய்ஸ் எச்சாக்வான் இறந்த இரண்டு மாதத்திற்குள் அவருடைய இனத்தார் "ஜாய்ஸின் கோட்பாடு" என்ற ஒன்றை எழுதி சர்க்காரிடம் கொடுத்தார்கள். பாரபட்சமில்லாத வைத்தியம் பூர்வகுடிகள் ஒவ்வொருவருக்கும் உரிமை என்பதே அதன் அடிப்படை. அமைப்பிலேயே ஊறிய இனத்துவேஷம் இருக்கிறது என்பதை மாகாண சர்க்கார் ஒப்புக் கொள்ள வேண்டும் என்று கமெல் தம் அறிக்கையில் முதல் யோசனையாகச் சொன்னார். அந்த வார்த்தையை ஏற்க மாகாண முதல்வர் அப்போது மறுத்துவிட்டார். நோய் இருக்கிறது என்று ஒப்புக் கொள்ளாத வீட்டில் மருந்து எப்படி உள்ளே போகும் என்று அத்திக்கமெக் ஜனங்கள் கேட்டதில் நியாயம் இல்லையா?

இவ்வளவு தூரத்துச் சமாசாரம் நமக்கு எதற்கு என்று நினைக்காதீர்கள். கனடாவில் தமிழ்க் குடும்பங்கள் எத்தனையோ இருக்கின்றன. நம் பெண்களும் பிள்ளைகளும் அந்த ஊர் ஆஸ்பத்திரிகளில் டாக்டர்களாகவும் நர்சுகளாகவும் வேலை பார்க்கிறார்கள். உங்கள் மகளோ, மருமகளோ, நாத்தனார் பெண்ணோ அவர்களில் ஒருத்தியாக இருக்கலாம். அடுத்த முறை அவளோடு பேசும்போது சமையல், குளிர், குழந்தை படிப்பு எல்லாவற்றையும் விசாரித்து முடித்த பிறகு, ஒரு வார்த்தை கேட்டுப் பாருங்கள்: "ஏனம்மா, நீ வேலை பார்க்கிற இடத்தில் ஒருவர் தலை சாய்ந்தபடி நெடுநேரமாக உட்கார்ந்திருந்தால், யாராவது எழுந்து போய்த் தொட்டு எழுப்பிப் பார்க்கிறீர்களா?"